காதுக்குள் ஓயாத இரைச்சல்!
டாக்டர் கேட்கும் கேள்வி நோயாளிக்குப் புரிய வேண்டாமா?

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலுக்குப் போனவர்கள் அலங்கார மண்டபத்தை மறக்க மாட்டார்கள். ஒரே கல்லில் செதுக்கிய தூண் கூட்டங்கள் அங்கே நிற்கின்றன. தட்டினால் கல் பாடும். ஒரு தூணில் ஒரு சுரம், பக்கத்துத் தூணில் வேறு சுரம். தட்டியவருக்கும் கேட்கும். சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கும். எல்லோரும் சேர்ந்து "ஆகா!" என்று தலையை ஆட்டலாம்.

அதே ஊரில் ஒரு தெருவில் வயதான அம்மாள் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய காதுக்குள் இரவும் பகலும் "ஙொய்" என்று ஒரு சத்தம். யாரும் எதையும் தட்டவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் பேத்திக்கு அது கேட்பதில்லை. மகனுக்கும் கேட்பதில்லை. "அம்மா, உனக்கு வெறும் பிரமை" என்கிறான் மகன். நாலு தடவை அப்படிக் கேட்ட பிறகு அந்த அம்மாள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடுகிறார். யாராவது பேய் என்பார்கள், பைத்தியம் என்பார்கள் என்ற பயமும் உள்ளே இருக்கிறது.

அது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. அது ஒரு கோளாறு. ஆயுர்வேதத்தில் அதற்குக் "கர்ணநாதம்" என்று பெயர். சுசுருத சங்கிதை என்ற பழைய வைத்திய நூலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆங்கில வைத்தியத்தில் "டின்னிட்டஸ்" என்பார்கள். உலகம் முழுவதும் நடந்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2022-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு இந்த இரைச்சல் உண்டு என்றும், நூற்றுக்கு 2 பேரை அது கடுமையாக வாட்டுகிறது என்றும் அதில் கண்டிருக்கிறது.

எப்படி வருகிறது?

காதின் உள்ளே நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம் மயிரிழைச் செல்கள் உண்டு. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புவது இவைதாம். வயதாகும்போது இவை பழுதடையும். வெடிச் சத்தம், ஆலைச் சத்தம், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிச் சத்தம் ஆகியவையும் இவற்றைக் கெடுக்கும். சில மருந்துகளும் கெடுக்கும். கெட்ட செல் மறுபடி முளைக்காது.

செல்லிலிருந்து சேதி வராவிட்டால் மூளை சும்மா இருப்பதில்லை. ரேடியோவில் நிலையம் சரியாக எடுக்காதபோது என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டுகிறோம். பாட்டு வராது. "ஸ்ஸ்" என்ற இரைச்சல்தான் பெரிதாகும். மூளையும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இரைச்சல் வரலாம். அழுக்கை எடுத்தால் போய்விடும்.

ஜுரம் வந்தால் அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இந்த இரைச்சலுக்கு? அபூர்வமாகச் சிலருக்கு, டாக்டர் குழலை வைத்தால் அவருக்கும் கேட்கும். மற்றவர்களுக்கு நோயாளி சொல்வதுதான் சாட்சி. மெஷினைக் கொண்டு அந்தச் சத்தம் கீச்சென்று இருக்கிறதா, கும்மென்று இருக்கிறதா என்று உத்தேசமாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது ஒருவரை எவ்வளவு வாட்டுகிறது என்று மெஷின் சொல்லாது. சின்னச் சத்தம் ஒருவரைத் தூங்க விடாமல் அடிக்கும். பெரிய சத்தத்தோடு இன்னொருவர் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போவார்.

ஆகவே, டாக்டர்கள் கேள்விகளைக் கொண்டு அளக்கிறார்கள்.

25 கேள்விகள்

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூமன், ஜேக்கப்சன், ஸ்பிட்சர் என்ற மூன்று பேர் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். "டின்னிட்டஸ் ஹாண்டிகாப் இன்வெண்டரி" என்று அதற்குப் பெயர். அதில் 25 கேள்விகள். இரைச்சலால் மனம் ஒன்றமாட்டேன் என்கிறதா, உறக்கம் கெடுகிறதா, கோபம் வருகிறதா, வீட்டில் மனஸ்தாபம் உண்டாகிறதா, இப்படி. "ஆம்" என்றால் 4 மார்க். "சில சமயம்" என்றால் 2. "இல்லை" என்றால் 0. மொத்தம் 100.

பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நேர் எதிரான பரீட்சை இது. மார்க் கூடக்கூடக் கஷ்டம் கூடுகிறது என்று பொருள். 16-க்குள் இருந்தால் இலேசு. 78-க்கு மேல் போனால் வாழ்க்கையே நிலைகுலைந்திருக்கிறது என்று அர்த்தம். சிகிச்சைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கேட்டுக் குணம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். சுமார் 7 மார்க் குறைந்தாலே நோயாளிக்கு நிம்மதி தெரிகிறது என்று 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது.

இந்த 7 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியில் செய்தது

இங்கிலீஷில் இருந்த இந்த வினாத்தாளைப் பல நாட்டினர் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பானிஷ், போர்த்துகீஸ், சீனம், கொரிய மொழி என்று வரிசை நீளுகிறது. நம் பக்கத்துக் கன்னடத்திலும் செய்திருக்கிறார்கள். துருக்கி மொழியில் செய்தவர்கள் சோங்குல் அக்சோயும் அவருடைய கூட்டாளிகளும். 2007-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது.

துருக்கிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பிரியமாகப் பேசும்போது, "அவர் காது கணகணக்கட்டும்!" என்பார்கள். நமக்குப் புரை ஏறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையைத் தட்டுவோம் அல்லவா? அதைப் போல. கஷ்டம் என்னவென்றால், வியாதிக்கும் அங்கே அதே சொல்தான். ஒரே சொல் வாழ்த்தாகவும் இருக்கிறது, நோயாகவும் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் இந்த வாசனை தெரியாது. அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட வேலைக்கு உலகத்தில் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். முதலில் இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். பிறகு மூலத்தைப் பார்க்காத வேறு ஆட்கள், அதைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாற்ற வேண்டும். போன சரக்கும் வந்த சரக்கும் ஒன்றுதானா என்று எடைபோட வேண்டும். கடைசியாக, உண்மையான நோயாளிகள் சிலரை உட்கார வைத்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிகிறது?" என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் நிறையப் பேரிடம் கேட்டு, மார்க் நம்பத்தக்கதா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? இங்கிலீஷும் தமிழும் தெரிந்த ஒரு டாக்டர், ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் 25 கேள்வியை எழுதிவிட மாட்டாரா?

எழுதிவிடுவார். அதுதான் ஆபத்து!

"பெருநோய்" வந்த கதை

வினாத்தாளில் ஒரு கேள்வி, இரைச்சலால் தமக்குப் பயங்கரமான வியாதி ஏதோ வந்திருப்பதாக நோயாளி நினைக்கிறாரா என்பது. அவசரத்தில் ஒருவர் "பெருநோய்" என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். தமிழில் பெருநோய் என்றால் குஷ்டரோகம்! காது இரைச்சலைச் சொல்ல வந்த கிழவர் அரண்டு போவார். இந்தத் தவறு திரும்ப இங்கிலீஷுக்கு மாற்றும்போது அகப்பட்டுவிடும்.

அகப்படாத தவறுகள் வேறு இருக்கின்றன. "சத்தத்தால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா?" என்று ஒரு கேள்வி. இலக்கணப் பிழை இல்லை. இங்கிலீஷுக்கு மாற்றினாலும் சரியாகவே வரும். ஆனால் சுசீந்திரத்து அம்மாள் என்ன நினைப்பார்? "சத்தம்" என்றால் தெருமுனை ஒலிபெருக்கியா? அல்லது வீட்டில் நடக்கும் சண்டையா? "அந்த வீட்டில் ஒரே சத்தம்" என்றால் நமக்கு என்ன அர்த்தம்? "ஆமாம், எரிச்சல்தான்" என்று அவர் பக்கத்து வீட்டைச் சொல்லுவார். காகிதத்தில் காதுக்கு 4 மார்க் விழும்.

இதைக் கண்டுபிடிக்க அந்த அம்மாளை உட்கார வைத்துக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. "உங்கள் காதுக்குள் கேட்கிற இரைச்சல்" என்று ஒவ்வொரு கேள்வியிலும் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் சரிப்படும். படித்தவர்களுக்கு அது அலுப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. "இரவில் உறக்கம் வரவில்லையா?" என்று கேட்டால் நம்மவர்களில் ஒருவர், "ஆமாம், வரவில்லை" என்பார். மற்றொருவர், "இல்லை, வரவில்லை" என்பார். இருவரும் சொன்னது ஒன்றுதான். ஆனால் பென்சிலோடு உட்கார்ந்திருப்பவர் முதல் ஆளுக்கு 4 போடுவார், இரண்டாம் ஆளுக்கு 0 போடுவார். இங்கே இரண்டு கேள்வி தவறினால் 8 மார்க் போயிற்று. குணம் தெரிவதற்கு வேண்டிய மார்க் எவ்வளவு? 7! ஆக, சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதே ஒரு "வில்லையா"வில் தொங்குகிறது.

"தூக்கம்" என்றால் திருவிழா

எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்வியும் இருக்கிறது. சுசீந்திரம் அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் உள்ள ஊர். அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளமும் விளவங்கோடும். நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. எல்லை மாறிற்று. பேச்சு ஒரே நாளில் மாறுமா?

இந்தப் பக்கத்தில் காதைச் "செவி" என்பவர்கள் உண்டு. மதுரைக்காரருக்குச் செவி புத்தகத்துச் சொல். இங்கே அது அடுப்பங்கரைச் சொல். தூக்கத்தை "உறக்கம்" என்பார்கள். கொல்லங்கோட்டில் "தூக்கம்" என்றால் பத்திரகாளி கோவில் திருவிழா! மேற்கே போகப் போகக் கோபம் "தேஷ்யம்" ஆகிவிடும். மனம் கிடந்து தவிப்பதற்கு "வெப்ராளம்" என்று ஒரு சொல் தெற்கே வழங்குகிறது. இரைச்சலோடு விடிய விடிய விழித்திருப்பவரின் நிலையை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். "பதற்றம்", "மன உளைச்சல்" என்று வினாத்தாளில் எழுதி வைத்தால், "அப்படி ஒண்ணும் இல்லை" என்று பதில் வரும். "வெப்ராளமா இருக்கா?" என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும்.

அப்படியானால் ஜில்லாவுக்கு ஒரு வினாத்தாள் அச்சடிப்பதா? அப்படிச் செய்தால் நாகர்கோவில் மார்க்கையும் சென்னை மார்க்கையும் எப்படி ஒப்பிடுவது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்பவர் அவரவர் இஷ்டத்துக்கு விளக்கம் சொல்லிக் கேட்டாலும் ஆபத்து. ஒரு நர்ஸ் அழுத்திக் கேட்பார், ஒரு நர்ஸ் தட்டிக்கழிப்பார்.

இதற்கு நடு வழி உண்டு. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், எளிய பேச்சுத் தமிழில். அதோடு ஜில்லாவுக்கு ஒரு சிறு சீட்டு. "காது" புரியாவிட்டால் "செவி" என்று கேள், "தூக்கம்" என்ற இடத்தில் "உறக்கம்" என்று கேள் என்று முன்கூட்டியே எழுதி, நோயாளிகளிடம் சரிபார்த்து வைத்த சீட்டு. அதைத் தாண்டிச் சொந்த விளக்கம் கூடாது. இதற்கு ஒன்றும் லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். வேண்டியது பொறுமைதான். ஆனால் இந்த வேலையை விரும்பிச் செய்கிறவர்கள் குறைவு. சொல்லைத் தேடி ஊர் ஊராகப் போவதற்கு யார் பட்டம் கொடுக்கிறார்கள்?

சினிமாவுக்கு நான் எங்கே போனேன்?

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. வாழ்க்கையும் பொருந்த வேண்டும். வெளியே விருந்துக்கும் சினிமாவுக்கும் போய் அனுபவிக்க முடியாமல் இரைச்சல் தடுக்கிறதா என்று ஒரு கேள்வி அமெரிக்கத் தாளில் இருக்கிறது. "சினிமாவுக்கு நான் எங்கே போனேன்!" என்று நம் அம்மாள் சிரித்துவிடுவார். 0 மார்க்.

உண்மை என்ன? மார்கழித் திருவிழாவில் தேர் ஓடும்போது அவர் வாசலுக்கு வருவதில்லை. மேளமும் வெடியும் முடிந்த பிறகு காதுக்குள் இரைச்சல் இரட்டிப்பாகிறது என்று உள்ளேயே கிடக்கிறார். கல்யாண வீட்டுப் பந்திக்குப் போனால் பக்கத்து இலைக்காரர் பேசுவது கேட்பதில்லை. அதனால் அங்கும் போவதில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போய்வந்தவர் ஒருவர், அதை விட்டிருக்கலாம். இவற்றைக் கேட்டால் 4 மார்க். சினிமாவைக் கேட்டால் 0.

வாசிப்பதற்குக் கஷ்டமாக இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி. எழுத்தறியாதவர், "ஆமாம், எனக்கு வாசிக்க வராது" என்பார். பள்ளிக்கூடம் போகாத குறைக்குக் காதின் மேல் 4 மார்க் பழி! இதற்குப் பதிலாக, கண்ணும் மனமும் ஒன்றுபட்டுச் செய்யும் வேலையைக் கேட்கலாம். தோவாளையில் பூக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்காத வீடு இல்லை. ஊசியில் நூல் கோக்காத பாட்டி இல்லை. இரைச்சலால் அந்த வேலை தடைப்படுகிறதா என்று கேட்டால் விஷயம் வந்துவிடும்.

அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து "நிரப்பிக் கொண்டு வாருங்கள்" என்பது படித்தவர்களுக்குச் சரி. புதிதாக எழுத்துக் கற்றவர்கள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்பார்கள். அது வெட்கம். அவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். அதற்கும் முறை இருக்கிறது. எல்லோரும் நிற்கும் வராந்தாவில் உரக்கக் கேட்டால், யார்தான் "மனம் உடைந்து போயிற்று" என்று சொல்வார்கள்?

பதில் சொல்லும் மருமகள்

குடும்பத்தாரிடமும் ஒரு தவறு இருக்கிறது. அன்பினால் செய்யும் தவறுதான். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன மருமகள், கேட்கும் கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லிவிடுகிறாள். "நல்லாத்தான் உறங்குறாவ டாக்டர்" என்கிறாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இரைச்சலால் வீட்டாரோடு மனஸ்தாபம் வருகிறதா என்ற கேள்வி வந்தால் கேட்கவே வேண்டாம். மருமகள் முன்னால் மாமியார் "ஆமாம்" என்று சொல்லமாட்டார். மகன் முன்னால் தகப்பனாரும் சொல்லமாட்டார். வீட்டு மானம் பெரிது.

இவ்வளவும் கேட்டு மார்க் போட்ட பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இதுவரை கிடையாது. ஆனால் செய்வதற்கு நிறைய உண்டு. காது மந்தமானவருக்கு காது கேட்கும் கருவி பொருத்தினால் இரைச்சல் பின்னால் போய்விடுவது உண்டு. இரவில் மின்விசிறிச் சத்தம் சிலருக்கு உதவும். இரைச்சலைக் கண்டு பயப்படாமல் இருக்க மனத்தைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. அதனால் கஷ்டம் குறைகிறது என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள். யாருக்கு எது வேண்டும், எவ்வளவு அவசரம் என்று தீர்மானிக்க மார்க் உதவுகிறது. அதற்குள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்ற வேண்டாம். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், திடீரென்று காது கேளாமல் போவது, இவை இருந்தால் உடனே காது டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று கேளாமல் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி கேட்கும் நேரத்தில், அந்த அம்மாளை ஓர் அறையில் நர்ஸோடு தனியே விடுங்கள். மருமகள் கொஞ்சம் வெளியே பெஞ்சில் உட்காரட்டும். 25 கேள்வியையும் நிதானமாகக் கேட்டு முடிக்கப் பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி நேரம்.